சோறு போட்டோம், வாயைக் கட்டினோம்

2019 அக்டோபர் 11 அன்று இரவு மாமல்லபுரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு என்னென்ன பரிமாறினார்கள் என்பது தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அரைத்துவிட்ட சாம்பார், தக்காளி ரசம், கவனரிசி அல்வா. பிரதமர் மோடி வேட்டி கட்டி வந்ததும், அர்ச்சுனன் தபசின் முன்னால் நின்று விருந்தாளிக்குச் சிற்பங்களை விளக்கியதும், ஐந்து ரதத்துக்கு அருகே காய்கறியாலும் பழங்களாலும் எழுப்பிய அலங்கார வளைவும் நமக்கு மனப்பாடம். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஷியின் முகமூடியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த படம் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகளுக்கு அந்த முகம் யாருடையது என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அதே நாளில் கிண்டியில், அதிபர் தங்கவிருந்த நட்சத்திர ஹோட்டலுக்கு முன்னால் சில திபெத்தியர்கள் தங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு கோஷம் எழுப்பினார்கள். போலீசார் அவர்களைச் சில நிமிடங்களுக்குள் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே விழுப்புரம் மாவட்டத்தில் டென்சின் சுண்டூ என்ற திபெத்தியக் கவிஞர் கைதாகியிருந்தார். சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்கள் சிலரையும் முன்கூட்டியே பிடித்துப்போய்விட்டார்கள். இதெல்லாம் செய்தியாக வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. சிறப்பு மலர்களுக்கும் வண்ணப் படங்களுக்கும் இடையே நாலு வரி, ஐந்து வரி. எந்தச் சட்டப் பிரிவில் பிடித்தார்கள், யார் ஜாமீன் எடுத்தார்கள், அந்த மாணவர்களின் படிப்பு என்னவாயிற்று என்று விருந்தாளி ஊருக்குப் போன பிறகும் நாம் போய்க் கேட்கவில்லை. எழுதுகிறவர்களையும் படிக்கிறவர்களையும் சேர்த்துத்தான் இங்கே ‘நாம்’ என்று சொல்கிறேன். நிருபர் போகாதது பாதிக் குற்றம் என்றால், போகச் சொல்லி ஒரு வாசகர் கடிதம்கூட வராதது மீதிப் பாதி.

சுண்டூ நமக்கு அந்நியர் இல்லை. சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர். படிப்பை முடித்ததும் 1997இல் தன்னந்தனியாக எல்லையைக் கடந்து திபெத்துக்குள் நடந்து போனார். சீனப் போலீசார் பிடித்து மூன்று மாதம் சிறையில் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 2002 ஜனவரியில் சீனப் பிரதமர் ஜூ ரோங்ஜி மும்பையில் ஒரு ஹோட்டலில் தொழிலதிபர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது, அதே கட்டடத்தின் வெளிப்புறச் சாரத்தில் பதினான்காவது மாடி வரை ஏறிப் பதாகையைத் தொங்கவிட்டார். 2005இல் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபோது கோபுரத்தின் உச்சியில் நின்று கொடி காட்டினார். 2006இல் சீன அதிபர் ஹூ ஜின்டாவ் வந்தபோது தர்மசாலாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று அவருக்குத் தடையுத்தரவு போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெய்ஜிங்கிலிருந்து விமானம் கிளம்புவதற்கு முன்னால் இந்தியாவில் திபெத்தியர்களைத் தேடிப் போலீஸ் வண்டி கிளம்பும்.

இந்த முன்னெச்சரிக்கைக் கைதுக்குச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மைதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆவது பிரிவின் கீழ், ஒருவர் குற்றம் செய்யத் திட்டமிடுகிறார் என்று போலீசாருக்குத் தெரியவந்தால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். ஆனால் வேறு வழக்கு எதுவும் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இப்போது புதிய சட்டத்தில் அது 170ஆவது பிரிவு. விருந்தாளியோ இரண்டு நாள், மூன்று நாள் தங்குகிறவர். அந்த இடைவெளியைப் போலீசார் எப்படி நிரப்புகிறார்கள் என்பதை ஒரு நீதிமன்ற நிருபர் அரை நாள் செலவிட்டால் எழுதிவிடலாம். உள்ளூர் அரசியல் கட்சித் தொண்டர்களை இப்படிப் பிடித்தால் நாம் விடமாட்டோம். சட்டமன்றம் வரைக்கும் அது போகும். திபெத்தியருக்குச் சட்டமன்றத்தில் கேட்க ஆள் இல்லை. அவருக்கு இருந்திருக்க வேண்டியது நாம்.

‘அடைக்கலம் கொடுத்திருக்கிறோமே, இன்னும் என்ன செய்ய வேண்டும்?’ இந்தக் கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் மனசுக்குள் அதுதான் ஓடுகிறது. அடைக்கலம் கொடுத்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. 1959 மார்ச் 10 அன்று லாசாவில், தலாய் லாமாவைச் சீன ராணுவம் கொண்டுபோய்விடும் என்று பயந்து ஆயிரக்கணக்கான மக்கள் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு வாரம் கழித்து இரவில் மாறுவேடத்தில் வெளியேறிய தலாய் லாமா மார்ச் 31 அன்று தவாங் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார். நேரு இடம் கொடுத்தார், பள்ளிக்கூடம் கொடுத்தார், மைசூர் மாநிலம் நிலம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: இந்திய மண்ணிலிருந்து சீனாவுக்கு எதிராக அரசியல் நடவடிக்கை கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் திபெத் பற்றிய தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. சீனாவோடு போர் வந்து போன பிறகு, 1965இல் வந்த தீர்மானத்துக்குத்தான் ஆதரவாகக் கை தூக்கியது. திபெத்தியர்கள் பட்ட பாடு 1959இலும் அதேதான். இடையில் மாறியது நமக்குச் சீனாவோடு இருந்த உறவு. அன்றைக்கு ராஜாஜியும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் திபெத்துக்காக உரக்கப் பேசினார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தக் குரல் தேய்ந்துபோனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அந்த நிபந்தனை இன்றைக்கும் திபெத்தியரின் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தியா 1951ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் அகதிகூட இல்லை, பதிவு செய்துகொண்ட வெளிநாட்டவர். முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர்களைப் பற்றி எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதிவுச் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் அதிகாரி உங்கள் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கத்தினதற்கான எஃப்.ஐ.ஆர். பத்து வருடம் கழித்து வெளிநாட்டுக்குப் படிக்கப்போக விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்கலாம். இந்தியாவில் பிறந்து, இந்தியப் பள்ளியில் படித்து, இந்தியில் கோஷம் போடுகிற ஒரு பெண்ணுக்கும் இதே கதிதான். கிண்டியில் ஓடிவந்தவர்கள் இதையெல்லாம் தெரிந்துதான் ஓடிவந்தார்கள். நாம்தான் தெரிந்துகொள்ளவில்லை.

டெல்லியில் நடந்ததையாவது ஒழுங்காகச் சொன்னோமா? 1998இல் திபெத்திய இளைஞர் காங்கிரஸைச் சேர்ந்தவர்கள் ஜந்தர் மந்தரில் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். நாற்பது நாட்களுக்கு மேல் ஆகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏப்ரல் கடைசியில் சீன ராணுவத்தின் தலைமைத் தளபதி டெல்லி வந்த நேரத்தில்தான் போலீசார் பந்தலுக்குள் புகுந்து அவர்களைத் தூக்கினார்கள். அப்போது துப்தென் நோடுப் என்ற அறுபது வயது முன்னாள் சிப்பாய் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். தர்மசாலாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அங்கே சுற்றுலா போகும் நம் ஆட்கள் மலையைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

2012 மார்ச் 26. ஹூ ஜின்டாவ் பிரிக்ஸ் மாநாட்டுக்கு வருவதற்கு முன் டெல்லியில் திபெத்தியர்கள் ஊர்வலம் நடத்தினார்கள். 27 வயது ஜாம்பெல் யேஷி உடம்பு முழுக்கத் தீயோடு கூட்டத்துக்கு நடுவே ஓடினார். புகைப்படக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருந்ததால் அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. நம் பத்திரிகைகளிலும் வந்தது. இரண்டாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். தலாய் லாமாவின் தூண்டுதல் என்றது சீன வெளியுறவுத் துறை. மறுநாள் மாநாடு நடந்தது, தலைவர்கள் கை கோர்த்து நின்ற படமும் அதே அளவில் வந்தது. மாநாட்டுப் பிரகடனத்தில் திபெத் என்ற சொல்லே இல்லை. பத்திரிகையாளர் சந்திப்பில் நம்மவர் யாராவது அதைக் கேட்டிருந்தால் குறைந்தபட்சம் ஒரு மழுப்பலாவது பதிவாகியிருக்கும்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. டெல்லித் தெருக்களில் போலீசார் முக ஜாடையைப் பார்த்தே ஆட்களை நிறுத்தினார்கள். மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்து படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகளை எல்லாம் ‘திபெத்தியனா, அடையாள அட்டை எங்கே?’ என்று மடக்கினார்கள். மஜ்னு கா டில்லா குடியிருப்பின் வாயிலில் காவல் போட்டு, உள்ளே இருப்பவர்களை வெளியே வராதபடி செய்தார்கள். யமுனைக் கரையில் இருக்கும் அந்தக் குடியிருப்பு, டெல்லிக்காரர்களுக்கு மோமோ சாப்பிடப் போகிற இடம். வடகிழக்கு மாநிலத்துக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அவர்கள் விஷயம் கொஞ்சம் பேசப்பட்டது. இந்தியக் குடிமகனைத் தவறுதலாகப் பிடித்துவிட்டீர்களே என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். திபெத்தியர் என்று சரியாகக் கண்டுபிடித்துப் பிடித்திருந்தால் சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

திபெத்துக்கு உள்ளே நடப்பதைச் சொல்வதில் நமக்கு ஒரு சமாதானம் உண்டு: அங்கே யாராலும் போக முடியாது. உண்மைதான். சீனாவில் இருக்கும் வெளிநாட்டு நிருபர்கள் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலும் அரசாங்கம் ஏற்பாடு செய்யும் குழுப் பயணத்தில்தான் போகலாம். 2008 மார்ச் 14 அன்று லாசாவில் கலவரம் வெடித்தபோது அனுமதியோடு ஊருக்குள் இருந்த மேற்கத்திய நிருபர் ஒரே ஒருவர், எகனாமிஸ்ட் பத்திரிகையின் ஜேம்ஸ் மைல்ஸ். அவர் பார்த்ததை எழுதினார். திபெத்திய இளைஞர்கள் ஹான் சீனர்களின் கடைகளையும் முஸ்லிம்களின் கடைகளையும் அடித்து நொறுக்கிக் கொளுத்தியதையும் எழுதினார். ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த இளம் பெண்கள் ஐந்து பேர் தீயில் கருகிச் செத்தார்கள். திபெத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சீன அரசு இந்தப் பக்கத்தை மட்டுமே காட்டியது. அதற்கு நாலு நாள் முன்பு அமைதியாக ஊர்வலம் வந்த துறவிகளைப் போலீசார் என்ன செய்தார்கள் என்பதும், அதற்குப் பிறகு சிச்சுவான், சிங்ஹாய், கான்சூ மாகாணங்களில் பரவிய போராட்டங்களில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்பதும் அரசாங்கத் தொலைக்காட்சியில் வரவே இல்லை. சுமார் இருபது பேர்தான் இறந்தார்கள் என்றது பெய்ஜிங். 200க்கு மேல் என்றது தர்மசாலாவில் இருக்கும் திபெத்திய நிர்வாகம். சரிபார்க்கப் போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த மாதக் கடைசியில் சீன அரசு வெளிநாட்டு நிருபர்களை லாசாவுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டியது. ஜோகாங் கோயிலில் அதிகாரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது சுமார் முப்பது இளம் துறவிகள் குறுக்கே பாய்ந்தார்கள். எங்களுக்குச் சுதந்திரம் இல்லை, இவர்கள் சொல்வது பொய் என்று அழுதுகொண்டே கத்தினார்கள். நிருபர்கள் போன பிறகு தங்களுக்கு என்ன நேரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். வெளிநாட்டு ஊடகங்களும் அந்த நேரத்தில் பெரிய தவறு செய்தன. ஜெர்மன் தொலைக்காட்சிகள் காட்மாண்டுவில் நேபாளப் போலீசார் திபெத்தியர்களை அடிக்கிற படத்தைத் திபெத்தில் எடுத்த படம் என்று போட்டன. சீன இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்று சாதித்தார்கள். நாமோ அந்தப் படங்களை வாங்கிப் போட்டதோடு சரி. காட்மாண்டு எங்கே, லாசா எங்கே? நேபாளப் போலீசார் ஏன் சீனாவுக்காக அடிக்கிறார்கள் என்று அண்டை நாட்டுக்காரர்களான நாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காததற்கு நம் பக்கத்திலும் காரணம் இருந்தது. அதே மார்ச்சில் தர்மசாலாவிலிருந்து திபெத்தை நோக்கி நடந்து கிளம்பிய நூறு பேரை இமாசலப் பிரதேசத்தில் மடக்கி 14 நாள் காவலில் வைத்தவர்கள் இந்தியப் போலீசார். ஏப்ரல் 17 அன்று ஒலிம்பிக் ஜோதி டெல்லிக்கு வந்தபோது ஓட்டத்தின் தூரத்தை இரண்டு கிலோமீட்டர் சொச்சமாக வெட்டி, ஆயிரக்கணக்கான போலீசாரை நிறுத்தி, ராஜபாதையில் பொதுஜனமே இல்லாமல் ஓட்டினார்கள். சிக்கிம்காரரான கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா நான் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

2009ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்னால் ஈழத்தமிழருக்காக முத்துக்குமார் தீக்குளித்தார். அவரும் பத்திரிகைக்காரர்தான். வட இந்திய ஊடகங்கள் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்று நாம் கொதித்தோம், அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 27 அன்று சிச்சுவான் மாகாணத்து ஙாபாவில் கீர்த்தி மடத்தைச் சேர்ந்த தாபே என்ற இளம் துறவி தன்மேல் தீ வைத்துக்கொண்டார். முந்தைய ஆண்டு சுடப்பட்டவர்களுக்காக நடக்கவிருந்த பிரார்த்தனைக்கு அதிகாரிகள் தடை போட்டிருந்தார்கள். எரிந்துகொண்டிருந்தவரைப் போலீசார் சுட்டார்கள். தீயில் போன ஓர் உயிரை டெல்லி எப்படிக் கவனிக்காமல் விட்டது என்று கேட்டுக்கொண்டிருந்த நாம், ஙாபாவைக் கவனிக்காமல் விட்டோம்.

தாபேக்குப் பிறகு 150க்கும் மேற்பட்டவர்கள். துறவிகள், பெண் துறவிகள், மேய்ச்சல்காரர்கள், பள்ளி மாணவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள். 2012இல் மட்டும் 80க்கும் அதிகம். சீன அரசு ஊர்களில் தீயணைப்புக் கருவியோடு போலீசாரை நிறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில் தீக்குளிக்கத் தூண்டுவது கொலைக்குச் சமம் என்று அறிவித்தது, உறவினர்களையும் நண்பர்களையும் சிறையில் தள்ளியது. தீக்குளிப்பைக் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் அதைக் கொண்டாடிக் கொண்டாடி எத்தனை வீடுகள் நாசமாயின என்று பார்த்தவர்கள் நாம். ஆனால் ஏன் என்று கேட்பதும் கொண்டாடுவதும் வேறு வேறு. நாம் எண்ணிக்கையைப் போட்டோம், பிறகு எண்ணவும் சலித்துப்போய் நிறுத்திவிட்டோம்.

சேவாங் நோர்பு என்ற பாடகர் 2022 பிப்ரவரி 25 அன்று லாசாவில் போத்தாலா அரண்மனைக்கு முன்னால் தீக்குளித்தார். வயது 25. சீனத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிகளில் பாடியவர், லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்தவர், அரசாங்கமே வெற்றிக் கதையாகக் காட்டத்தக்க பையன். முந்தின நாள்தான் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்திருந்தது. அவருடைய மரணம் வெளியே கசிந்து உறுதியாவதற்கே வாரக்கணக்கில் ஆனது. அப்போது நம் பக்கங்கள் எல்லாம் கீவ் நகரத்துக்குப் போயிருந்தன. போரைப் போட்டது தப்பில்லை. போர் செய்தி குறைந்த பிறகும் நோர்புவிடம் நாம் திரும்பி வரவில்லை.

அடுத்தது 2024 பிப்ரவரியில் தேகே என்ற இடம். திபெத்தியர்கள் திரிச்சூ என்று அழைக்கும் யாங்சே நதியின் மேல்பகுதியில் 1,100 மெகாவாட் அணை கட்டத் திட்டம். கட்டினால் கிராமங்களும் ஆறு மடங்களும் மூழ்கும், வோண்டோ மடத்தின் பல நூற்றாண்டுச் சுவரோவியங்களும் சேர்த்து. அந்தச் சுவரை வேறு இடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட முடியாது. ஊர்க்காரர்கள் கொடி பிடிக்கவில்லை, சுதந்திரம் கேட்கவில்லை. துறவிகள் அதிகாரிகளின் கார்களுக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டுக் கும்பிட்டுக் கெஞ்சினார்கள். அந்தக் காட்சியை யாரோ கைபேசியில் எடுத்து வெளியே அனுப்பினார்கள். அடுத்த சில நாட்களில் ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள் என்று செய்தி வந்தது. முதலில் சொன்னது ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் திபெத்தியப் பிரிவு. அது அமெரிக்க அரசாங்கப் பணத்தில் நடந்த நிறுவனம், அமெரிக்காவுக்கு ஒரு கணக்கு உண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம். 2025இல் டிரம்ப் அரசாங்கம் அந்தப் பணத்தை நிறுத்தியதும் அந்த ஒலிபரப்பும் முடங்கியது. ஆக, இந்தியாவுக்கு அடுத்த வீட்டில் ஆயிரம் பேர் பிடிபட்ட செய்தி வாஷிங்டன் பணத்தை நம்பித்தான் நமக்கு வந்துகொண்டிருந்தது. 2023இல் இந்தியாவும் சீனாவும் மாறி மாறி விசாவை மறுத்ததில் சீனாவில் இந்திய நிருபர்கள் ஏறக்குறைய இல்லாமலே போன கதை தனி.

செய்தியை வெளியே தருகிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு தாஷி வாங்சுக் போதும். யூஷூ ஊரில் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் திபெத்திய மொழியைச் சொல்லிக்கொடுங்கள், சீனாவின் சட்டமே அதற்கு உரிமை தருகிறது என்று வழக்குப் போட பெய்ஜிங் போனார். 2015இல் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி ஒரு காணொளி வெளியிட்டது. இரண்டு மாதத்தில் கைது, ஐந்து ஆண்டு சிறை. அந்தக் காணொளியே நீதிமன்றத்தில் சாட்சி. தாய்மொழிக் கல்விக்காகச் சிறை போனவர்களின் பெயரில் தெருவும் மண்டபமும் வைத்திருக்கிற மாநிலத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் வீட்டைவிட்டுப் பிரிந்து, மாண்டரின் வழியில் கற்பிக்கும் அரசு விடுதிப் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு நிபுணர்கள் 2023இல் சொன்னார்கள். மொழிப்போர் நினைவு நாள் மலர் போடுகிற நாம் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

நம் மௌனத்துக்கு அரசியல் காரணமும் உண்டு. இடதுசாரி நண்பர்கள் பழைய திபெத்தின் பண்ணையடிமை முறையைச் சொல்வார்கள், சி.ஐ.ஏ. பணத்தைச் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. மடங்களும் பிரபுக்களும் நிலத்தையும் ஆட்களையும் கையில் வைத்திருந்தார்கள். 1960களில் அமெரிக்க உளவுத்துறையிடம் பணம் வாங்கியதை 1998இல் தலாய் லாமாவின் நிர்வாகமே ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்கும் தேகேயில் மண்டியிட்டவர்களுக்கும் என்ன சம்பந்தம்? வலதுசாரி நண்பர்கள் சீனாவைத் திட்ட வேண்டிய அன்றைக்கு மட்டும் திபெத்தை எடுப்பார்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது திபெத்துக்காக முழங்கிய வாஜ்பாய், பிரதமராகி 2003இல் பெய்ஜிங் போய், திபெத் தன்னாட்சிப் பகுதி சீனாவின் பகுதியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 2018இல், அடைக்கலம் தந்த 60ஆவது ஆண்டு தொடங்குவதற்காகத் திபெத்தியர்கள் டெல்லியில் நடத்தவிருந்த ‘நன்றி இந்தியா’ விழாவுக்கு யாரும் போகாதீர்கள் என்று அரசாங்கம் தன் அதிகாரிகளுக்கும் தலைவர்களுக்கும் சொன்னது. விழாவை தர்மசாலாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். நன்றி சொல்லக்கூட டெல்லியில் இடம் இல்லை.

2020இல் கல்வான் மோதல் வந்ததும் காட்சி மாறியது. பாங்காங் ஏரி அருகே கண்ணிவெடியில் இறந்த நைமா டென்சின் என்ற சிறப்பு எல்லைப் படை வீரரின் சவப்பெட்டி மேல் இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் சேர்ந்து கிடந்ததைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. 1962 நவம்பரில் திபெத்தியர்களைக் கொண்டு தொடங்கிய படை அது, 1971 போரில் சிட்டகாங் மலைகளில் சண்டை போட்ட படை. அதுவரை அதைப் பற்றி வாயே திறக்காத அலைவரிசைகள் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தின. இறுதிச் சடங்குக்குப் போன ஆளுங்கட்சித் தலைவர் ஒருவர் அது பற்றிப் போட்ட பதிவைப் பிறகு நீக்கிவிட்டார். அலைவரிசைகளும் அடங்கின. 2025இல் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான யார்லுங் சாங்போவில் உலகத்திலேயே பெரிய அணைக்கு வேலை தொடங்கியதும் பிரம்மபுத்திரா வற்றிவிடுமா, வெள்ளம் வருமா என்று விவாதம் நடத்தினோம். அங்கே அணை கட்டும் இடத்தில் ஊர்கள் இருக்கின்றன, அவற்றைக் காலி செய்கிறார்கள் என்பது விவாதத்தில் வரவில்லை. எல்லை, தண்ணீர், சீனாவுக்கு ஒரு குட்டு என்று நமக்கு ஏதாவது வேலை ஆகும்போது மட்டும் திபெத்தியர் நமக்குத் தெரிகிறார்.

மற்ற நேரங்களில் அவர் ஸ்வெட்டர் விற்கிறவர். ஊட்டியில் திபெத்தியச் சந்தையில் நாம் பேரம் பேசுகிறோம், அவரும் தமிழில் திருப்பிப் பேசுகிறார், ‘கட்டாதுண்ணா’ என்கிறார். அவருடைய அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார், அங்கே யார் மிச்சம் இருக்கிறார்கள், போனில் பேசினால் அங்கிருப்பவர்களுக்குத் தொந்தரவு வரும் என்று எத்தனை வருடமாகப் பேசாமல் இருக்கிறார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. குடகுக்குப் போகிற வழியில் பைலகுப்பே பொற்கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு, இங்கே எவ்வளவு அமைதி என்று சொல்லிவிட்டு வருகிறோம். 2008க்கு முன் ஆண்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் திபெத்திலிருந்து தப்பி வந்தார்கள். எல்லையை இறுக்கிய பிறகு அது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இங்கே இருப்பவர்களில் இளையவர்கள் கனடா, அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்புப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். அந்த அமைதிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு மார்ச் 10ஆம் தேதியும் பைலகுப்பேயில் திபெத்தியர்கள் கூடுகிறார்கள். 1959ஐ நேரில் பார்த்த கிழவர்களும் கிழவிகளும் அதில் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்கள் பேசியதைத் தமிழில் பதிவு செய்ய இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன. மைசூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், யாருடைய அனுமதியும் பெற வேண்டியதில்லை. வருகிற மார்ச்சில் ஓர் ஆளை அங்கே அனுப்புங்கள். அடுத்த முறை சீனத் தலைவர் ஒருவர் இந்தியாவுக்கு வரும்போது, பிடித்துப்போனவர்களின் பெயரையும் பிரிவையும் கமிஷனர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அவர்கள் வெளியே வரும் வரை தொடர்ந்து போடுங்கள். ஆசிரியர்கள் இதைச் செய்யாவிட்டால், ஏன் செய்யவில்லை என்று வாசகர்கள் எழுதிக் கேளுங்கள்.